பதினொரு செகண்டு

இல்ல சார், வேணாம், இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா பிரேக் போடுறப்ப உருண்டுரும். கண்டக்டர்கூட இப்பத்தான் கேட்டுட்டுப் போறாரு, பைக்குத் தனி டிக்கெட் போடவான்னு. கிண்டலு. போட்டாலும் குடுத்துருப்பேன். உள்ள இருக்கறது கம்ப்யூட்டர் சார். சிரிக்காதீங்க, கம்ப்யூட்டர்தான். முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தினது. ரப்பர் பட்டன், டிவியில மாட்டித்தான் பாக்கணும். இதுல என் மக குரல் இருக்கு.

மதுரைக்குத்தானே போறீங்க? நல்லதாப் போச்சு. நான் வில்லாபுரம். பேரு திருமலைச்சாமி. கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்குற மகளைப் பாத்துட்டு வர்றேன். நாலு மாசமா என்கூடப் பேசறதில்ல அவ. இன்னிக்குப் பேசுனா. அதுக்கு அவ பேசாமயே இருந்திருக்கலாம்.

நீங்க யாரோ எவரோ, உங்ககிட்டச் சொல்றதுல தப்பில்ல. சொந்தக்காரங்க அத்தனை பேரும் அவ பக்கம்தான். எல்லாத்தையும் கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. நான் செஞ்சது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

முதல்ல நான் யாருன்னு தெரியணும் உங்களுக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தி நாலு வருஷம் டெக்னீஷியன். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சு, ஹால் முழுக்க வயரு. லைன் சரியில்லன்னு புகார் வந்தா ஹெட்செட்டை மாட்டி, அதோட பின்னை அந்த நம்பர்ல சொருகிக் கேக்கணும். கொரகொரன்னு வருதா, எதிரொலி இருக்கா, சத்தம் கம்மியா, அவ்வளவுதான் பாக்கணும். என்ன பேசுறாங்கன்னு கேக்கக் கூடாது. அது சட்டம் மட்டுமில்ல, எங்களுக்கு அது மானப் பிரச்சினை. எத்தனை புருஷன் பொண்டாட்டி சண்டை, எத்தனை எழவுச் செய்தி இந்தக் காது வழியாப் போயிருக்கும்! ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல. சத்தம்தான் கேப்பேன். நல்ல சத்தமா, கெட்ட சத்தமா. நல்லா இருந்தா ‘ஓகே’ன்னு சொல்லி பின்னை உருவிருவேன். என் சூப்பர்வைசரே சொல்லுவாரு, திருமலை காது தங்கம்யான்னு.

இந்த மெஷினு என் மச்சினன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது, எண்பத்தி ஏழுல. அவனுக்கு அதை வச்சு ஒண்ணும் பண்ணத் தெரியல, என்கிட்டக் குடுத்துட்டான். ரிட்டயர் ஆனப்புறம் எடுத்துத் தூசி தட்டுனேன். உலகம் பூரா எங்களை மாதிரி ஆளுங்க இருக்காங்க சார். போன்ல ஒரு குரூப்பு. போலந்துக்காரன், ஸ்பெயின்காரன், பிரேசில்காரன். இந்த மாதிரிப் பழைய மெஷினுக்குள்ள பாட்டு, பேச்சு எல்லாம் ஏத்திப் பாட வைக்கிறதுதான் எங்க வேலை. வேலைவெட்டி இல்லாதவங்கம்பா என் சம்சாரம். சொல்லிட்டுப் போறா.

சுலபம்னு நினைச்சுராதீங்க. உங்க போன்ல ஆயிரம் பாட்டு வச்சிருப்பீங்க. இதுல இருக்குற எடம் உங்க போன்ல இருக்குற ஒரு போட்டோவுக்குக் காணாது. அதனால குரலைக் கொறைக்கணும். செகண்டுக்கு ஏழாயிரம் தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் பதினாறு படியில ஏதாவது ஒரு படியில உக்கார வைக்கணும். அப்படி ஒட்ட நறுக்கிச் சேத்தா எவ்வளவு கொள்ளும் தெரியுமா? பதினொரு செகண்டு. பன்னெண்டாவது செகண்டு உள்ள வராது. அதையும் கீச்சுக் கீச்சுனு ஒரு சத்தமா மாத்தி, போன்ல இருந்து வயர் வழியா மெஷினுக்கு ஊட்டணும். ஏத்துறதுக்கு அஞ்சு நிமிஷம், கேக்கறதுக்குப் பதினொரு செகண்டு. நடுவுல ஒரு தடங்கல் வந்தா போச்சு, முதல்ல இருந்து.

குரூப்புல அவனவன் பாஷையில மெஷினைப் பேச வைக்கணும்னு ஒரு போட்டி மாதிரி வந்துச்சு. ஸ்பெயின்காரன் முடிச்சுட்டான். போலந்துக்காரன் முடிச்சுட்டான். தமிழ் நான் ஒருத்தன்தான். விடுவேனா? என் குரலை ஏத்துனேன், பானைக்குள்ள பேசுற மாதிரி வந்துச்சு. இதுக்குப் பொம்பளைக் குரல்தான் ஒத்து வரும். செண்பகத்தை, அதான் என் சம்சாரம், கெஞ்சிக் கேட்டேன். ஒரு நாலு வார்த்தை பேசும்மான்னு. எனக்கு வேற சோலி இல்லையான்னுட்டா.

அப்பத்தான் தாரிணிகிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஒரே மக. ரெண்டு வருஷம் முன்ன சேலத்துல கட்டிக் குடுத்தோம். செவ்வாய்க்கிழமை, காலைல பத்தரை. மூணு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்டு. எப்பவும் ‘அப்பா, சாப்பிட்டாச்சா’ன்னு அஞ்சு செகண்டுல முடிச்சுக்குவா. தட்டுனேன். மொத வார்த்தை விழுந்ததுமே எனக்குத் தலை கால் புரியல சார். அப்படி ஒரு குரல்! பக்கத்துல பேன் ஓடல, டிவி ஓடல, தெருச் சத்தம் இல்ல. ஏதோ ரூமைச் சாத்திட்டு, வாயைப் போன்கிட்ட வச்சு, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா நிறுத்திப் பேசுறா. முப்பத்தி நாலு வருஷத்துல அப்படி ஒரு லைனு நான் கேட்டதில்ல.

நிறுத்திட்டு, நேரா லேப்டாப்புக்கு மாத்திட்டேன். அதுல சத்தத்தை அலை அலையா வரைஞ்சு காட்டும். ஆரம்பத்துல பதினொரு செகண்டு, அளவெடுத்துத் தச்ச மாதிரி. அதுக்கப்புறம் கண்றாவி. ஒரே ஏத்த எறக்கம். கோட்டைப் பாத்தாலே எனக்குத் தெரியும், மூச்சு சத்தம், மூக்கை உறிஞ்சற சத்தம், நடுநடுவுல பத்துப் பதினைஞ்சு செகண்டு ஒண்ணுமே இல்ல, திடீர்னு கோடு மேல எகிறி ஒரு குத்து. ஜலதோஷம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கு அது தேவையில்ல. முதல் பதினொரு செகண்டை வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டித் தள்ளிட்டு சேவ் பண்ணிட்டேன். போன்லதான் முழுசும் இருக்கே, எங்க போயிரப் போகுது?

சந்தோஷத்துல அவளுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். யார் என்ன அனுப்பினாலும் போடுறதுதான். லைன் ஓகேன்னு சொல்ற பழக்கம் சார், கையோட வந்தது.

அந்தப் பதினொரு செகண்டுல என்ன சொன்னான்னு கேக்குறீங்களா? எனக்கு மனப்பாடம். ‘அப்பா, தாரிணி பேசுறேன். சாப்பிட்டீங்களா? அம்மா பக்கத்துல இருந்தா கொஞ்சம் தள்ளிப் போயி, தனியா உக்காந்து, முழுசாக் கேளுங்கப்பா.’

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

எனக்கும் இப்பத் தெரியுது சார். நாலு மாசமா ஊரே சொல்லிட்டு இருக்கே. ஆனா அன்னிக்கு என் காதுல வார்த்தை விழல. சத்தம்தான் விழுந்துச்சு. இதை நான் செண்பகத்துகிட்டச் சொன்னா, மனுசனா நீங்கன்னு கேக்குறா. முப்பத்தி நாலு வருஷம் அப்படி இருந்ததுக்குத்தான் சார் எனக்கு மெடல் குடுத்தாங்க.

மிச்சத்துல என்ன இருந்துச்சுன்னா... செண்பகம் சொன்னதைச் சொல்றேன். மாப்பிள்ளை கொஞ்சம் கோவக்காரரு. கை நீட்டுறது. கல்யாணமாகி ஆறு மாசத்துல இருந்தே இருந்திருக்கு, இவ எங்ககிட்டச் சொல்லல. அந்த வாரம் ரொம்ப ஆயிருச்சு போல. வெள்ளிக்கிழமை அவரு வெளியூர் போறாரு, மாமியார் கோயிலுக்குப் போயிரும், பத்து மணிக்கு நான் துணிமணியை எடுத்துக்கிட்டு தெருமுக்குல இருக்குற பேக்கரி வாசல்ல வந்து நிக்கிறேன், நீங்க காரோ பஸ்ஸோ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. இதான் சேதி. அம்மாகிட்டச் சொன்னா ஊரைக் கூட்டிருவா, அவங்களுக்குத் தெரிஞ்சுரும், அப்புறம் என்னை வெளியவே விட மாட்டாங்க, நீங்கன்னா சத்தம் போடாம வருவீங்கன்னு சொன்னாளாம். போன் பண்ணாதீங்க, அவரு போனை எடுத்துப் பாப்பாரு. பதில் ஒண்ணும் எழுத வேணாம். வர்றேன்னா ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போடுங்க.

ஆமா சார். போட்டேன். சொன்னேன்ல.

அந்த வெள்ளிக்கிழமை நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைக்கிறீங்க? ஊர் சுத்துனேனா, சீட்டு விளையாண்டேனா? அவ குரலோடதான் உக்காந்திருந்தேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா மெஷினுக்குள்ள ஏத்திப் பாத்தேன். போன்ல இருந்து வயர் போகுதுன்னேன்ல? அஞ்சு நிமிஷத்துக்குள்ள எவனாவது போன் பண்ணிட்டா எல்லாம் பாழாப் போயிரும். அதனால போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டுத்தான் உக்காருவேன். குரூப்புல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. காலைல ஒன்பதரைக்குப் போட்டது, சாயங்காலம்தான் எடுத்தேன். தாரிணி நம்பர்ல இருந்து ஏழு மிஸ்டு காலுன்னு மெசேஜ் வந்து விழுந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், ஸ்விட்ச் ஆப். சார்ஜ் இல்ல போலன்னு விட்டுட்டேன்.

பத்து மணில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நின்னிருக்கா. அப்பா பஸ்ஸுல வந்துட்டிருப்பாரு, சிக்னல் கிடைக்கலன்னு நினைச்சிருக்கா. கட்டைவிரல் போட்டுருக்கேனே, வராம இருப்பேனா? பேக்கரிக்காரரு ஸ்டூல் போட்டு உக்காரச் சொன்னாராம், டீ குடுத்தாராம். ரெண்டு மணிக்கு மாமியார் ஆட்டோல திரும்பி வந்திருக்கு. பையோட நிக்கிறதைப் பாத்துருச்சு.

அதுக்கப்புறம் இருபத்தி மூணு நாள். போனைப் புடுங்கிட்டாங்க. ரூமுக்குள்ளயே. கையில கொஞ்சம் அடி, கட்டுப் போட்டிருந்துச்சு. இப்பச் சரியாயிருச்சு. மாப்பிள்ளைன்னு சொல்லாதீங்கங்கறா செண்பகம், அப்பறம் வேற என்னன்னு சொல்றது? பேரு சொல்ல வர மாட்டேங்குது எனக்கு.

இருபத்தி மூணு நாளும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். கூப்பிட்டா அந்தப் பையன் எடுப்பான். தூங்குறா, காய்ச்சல், அப்புறம் பேசச் சொல்றேன். செண்பகம் தவியாத் தவிச்சா. பொண்ணு குரலைக் கேட்டு மூணு வாரம் ஆச்சுங்க, எனக்கு என்னவோ செய்யுதுங்கன்னா. எனக்கு அப்படி ஒண்ணும் தோணல. எப்படித் தோணும்? காலைல எந்திரிச்சதுல இருந்து அவ குரல்தான் கேட்டுட்டிருக்கேன். வீட்டுக்குள்ள இருக்குற மாதிரியே இருக்கு. ஒருநாள் செண்பகம் சோறு வடிச்சுக்கிட்டே அழுதா. வா, உன் பொண்ணு குரல்தானே கேக்கணும், இந்தா கேளுன்னு கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு மெஷின்ல போட்டுக் காட்டுனேன். அஞ்சு நிமிஷம் கீச்சுக் கீச்சு, அப்புறம் ஙொய்னு ஒரு சத்தம். அப்ப இன்னும் தெளிவு வரல. இது என் பொண்ணா, ஈ கத்துற மாதிரி இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. தெளிவு வராம விடறதில்லன்னு உக்காந்தேன். எல்லா எழுத்தும் ஓரளவு வந்துருச்சு சார், ழ மட்டும் வரல. ‘முழுசா’ன்னு சொல்றா பாருங்க, அது ‘முளுசா’ன்னே வருது. வெள்ளைக்காரன் கேக்கப் போறான், தமிழ்னா ழ இல்லாம எப்படி? ஒன்பது நாள் அந்த ஒரு வார்த்தை. கொஞ்சம் ஒசத்திப் பாத்தேன், அடிச் சத்தத்தை வடிகட்டிப் பாத்தேன், அந்த எடத்துல மட்டும் படியைக் கையால மாத்தி மாத்தி வச்சேன். ஒருநாளைக்கு நூறு, நூத்தம்பது தடவை ‘முழுசா, முழுசா, முழுசாக் கேளுங்கப்பா’. பக்கத்து வீட்டுப் பொம்பளை, என்ன அண்ணே வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு வந்து கேட்டுச்சு.

இருபத்தி மூணாவது நாள் காலைல வந்துச்சு சார்! நாக்கு மேல மடிஞ்சு உருள்ற மாதிரி அப்படியே வந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. உடனே போன்ல பிடிச்சு குரூப்புல போட்டேன். அஞ்சு நிமிஷத்துல போலந்துக்காரன் கைதட்டுறான். அந்த சந்தோஷத்துல மறுபடி ஒரு தடவை, வால்யூமை நல்லா வச்சுப் போட்டேன்.

செண்பகம் கையில கரண்டியோட வந்து நிக்கிறா.

‘என்னங்க, அவ என்ன சொல்றா?’

‘தாரிணிதான். பாத்தியா, எப்படி வந்துருக்கு பாத்தியா.’

‘அம்மா பக்கத்துல இருந்தா தள்ளிப் போயிக் கேளுங்கன்னு ஏங்க சொல்றா?’

 மறுபடி போடுங்கன்னா. போட்டேன். இதுக்கு மேல என்ன சொன்னான்னா. அதுக்கு மேல ஒரே இரைச்சல், நான் வெட்டிட்டேன்னேன். கரண்டியைக் கீழ போட்டுட்டு என் போனைப் பிடுங்கிட்டு மொட்டை மாடிக்குப் போனா. நாலு நிமிஷத்துல திரும்பி வரணும். அரை மணி நேரம் வரல. வந்தப்ப என்னைத் திட்டல சார். திட்டிருந்தாப் பரவாயில்ல. அவ தம்பிக்குப் போன் போட்டா, செருப்பை மாட்டுனா, போயிட்டா. நான் வர்றேன்னு சட்டையை எடுத்தேன். நீங்க மெஷினைப் பாத்துக்கங்கன்னா. சாயங்காலம் சேலத்துல அவங்க வீட்டு வாசல்ல நின்னு இவ போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சாம். அப்பவே கூட்டிட்டு வந்துட்டா.

இப்பச் சொல்லுங்க. அந்த ழ வரலன்னா செண்பகத்துக்கு என்ன தெரியும்? ஈ கத்துதுன்னு போயிருப்பா. நான் ஒன்பது நாள் உக்காந்ததுனாலதானே வார்த்தை புரிஞ்சுச்சு? வார்த்தை புரிஞ்சதுனாலதானே பொண்ணு வெளிய வந்தா? அப்ப அவளைக் காப்பாத்துனது யாரு? இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேக்க மாட்டேங்குறாங்க சார், அதான் என் வயித்தெரிச்சல். அப்பாவாலதான் நீ வந்தம்மான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாரும் சொல்லல.

நம்ம வீட்டுல ரெண்டு வாரம்தான் இருந்தா. நான் ஹால்ல இருந்தா அவ ரூம்ல. நான் ரூமுக்குப் போனா அவ மாடியில. அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன் வேலைன்னு போயிட்டா. செண்பகம் மெஷினைத் துணியில சுத்திப் பரண்ல ஏத்திட்டா. நானும் நாலு மாசம் பொறுத்துப் பாத்தேன். ஒரு தடவை அவ காதால இதைக் கேட்டுட்டான்னா போதும், அப்பா நம்மளை மறந்துட்டு இருக்கல, நம்ம குரலைத்தான் இருபத்தி மூணு நாளும் கையில வச்சுத் தாங்கிருக்காருன்னு புரிஞ்சுக்குவான்னு நினைச்சேன். அதான் இன்னிக்கு, ஞாயித்துக்கிழமை லீவா இருப்பாளேன்னு, செண்பகத்துகிட்டக் கண் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டு வந்தேன்.

ஹாஸ்டல்ல கீழ ஒரு ஹாலு. டிவி இருந்துச்சு. வார்டன் அம்மா நல்ல மாதிரி, மாட்டிக்கங்கன்னுட்டாங்க. தாரிணி வந்தா. எளைச்சிருக்கா. இடது கை மணிக்கட்டு லேசாக் கோணி இருந்துச்சு. வாங்கப்பான்னு சொன்னா சார்! நாலு மாசத்துக்கப்புறம்.  பேசாம உக்காரும்மா, அஞ்சே நிமிஷம், நடுவுல யாரும் பேசக் கூடாதுன்னேன். உக்காந்தா. டிவியில கோடு கோடா ஓடுது, கீச்சுக் கீச்சுங்குது. பொண்ணுங்க பத்துப் பேரு சுத்தி நின்னுட்டாங்க. அவ டிவியைப் பாக்கல, அஞ்சு நிமிஷமும் என்னையேதான் பாத்துட்டு இருந்தா. அப்புறம் வந்துச்சு. அப்பா, தாரிணி பேசுறேன். சும்மா கணீர்னு. பொண்ணுங்க கைதட்டிருச்சுங்க. அய்யோ தாரிணி உன் வாய்ஸ்டின்னு ஒண்ணு கத்துது.

அவ கேட்டா: ‘எத்தனை தடவைப்பா இதைக் கேட்டிருப்பீங்க?’

எனக்குப் பெருமை தாங்கல. ‘ரெண்டாயிரம் தடவைக்கு மேல இருக்கும்மா’ன்னேன்.

‘ரெண்டாயிரம் தடவை முழுசாக் கேளுங்கப்பான்னு கெஞ்சியிருக்கேன். மிச்சம் எங்கப்பா?’

 வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ‘இதுல எடம் பத்தாதும்மா. பதினொரு செகண்டுதான் கொள்ளும்.’

கைதட்டுன பொண்ணுங்க ஒவ்வொண்ணா நழுவிருச்சுங்க. அவ அழல. கத்தல. ‘போன்ல இருக்குல்ல, இப்பவாவது கேட்டீங்களா?’ன்னா. அதான் அம்மா சொல்லிட்டாளேம்மா, மறுபடி எதுக்கு, உனக்குத்தான் வருத்தம்னேன். கையை நீட்டுனா. போனைக் குடுத்தேன். மேல தள்ளித் தள்ளி அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போயி, அதை அமுத்திப் பிடிச்சு அழிச்சுட்டா. என் கண்ணு முன்னாடி. ‘இது உங்களுக்குன்னு அனுப்புனதுப்பா. நீங்க எடுத்துக்கல. நானே திருப்பி எடுத்துக்கறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க’ன்னு சொல்லிட்டு மாடி ஏறிப் போயிட்டா. திரும்பிப் பாப்பான்னு நின்னேன். பாக்கல.

இந்தாங்க, போன். நீங்க பாத்தா விவரமானவராத் தெரியுறீங்க. அழிச்சதை எடுக்க வழி இருக்கா? ... அதுவும் பாத்துட்டேன், அந்த பேக்கப்பு எதுவும் நான் போட்டு வைக்கல. ... லேப்டாப்புல வெட்டுனதுதான் இருக்கு. அவ போனு சேலத்துலயே போயிருச்சு. செண்பகத்துக்கு நான் அனுப்பல, அவ என் போன்லயேதான் கேட்டா. அப்ப இல்லங்கறீங்க. எங்கயும் இல்ல. சரி.

பொய் சொல்லிட்டேன் சார். செண்பகம் சொல்லிட்டா, அதனால கேக்கலன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யி. நாலு மாசமா தினம் எடுப்பேன். விரலை வைக்கப் போவேன், எடுத்துருவேன். பயம். அந்த அலை எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஏத்தம் எறக்கம், பத்து செகண்டு ஒண்ணுமில்லாம, அப்புறம் ஒரு குத்து. அது எதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல? வெட்டுறப்ப ஜலதோஷம்னு வெட்டுனேன். அதைப் போயி எந்தக் காதால கேக்கறது? நாளைக்குக் கேப்போம், நாளைக்குக் கேப்போம்னு இருந்துட்டேன். இன்னிக்குப் பல்லடம் தாண்டுனதும் கேட்டுறணும்னு ஒரு வேகம் வந்துச்சு. போனைக் கையில எடுத்தப்புறம்தான் இல்லங்கறதே உறைக்குது.

செண்பகத்துக்குத் தெரியும், அவ கடைசி வரைக்கும் கேட்டிருக்கா. ஆனா சேதியை மட்டும்தான் சொன்னா. தாரிணி எப்படிச் சொன்னாங்கறதை இன்னி வரைக்கும் வாயைத் திறக்கல. நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது? கண் ஆஸ்பத்திரிக்குன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கேன்.

உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்? இருக்குல்ல. அப்ப நீங்களே சொல்லுங்க. அப்பா வந்துருவாருன்னு நம்பி ஒரு பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டு இவ்வளவையும் பேசுனா, போனை வைக்கறதுக்கு முன்னாடி, கடைசியா என்ன சொல்லியிருப்பா?